நிலநடுக்கமும் பிரேசிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்வது என் வேலை, இருப்பது சென்னையில். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, இங்கே மாடி அலுவலகங்களில் இருந்தவர்கள் படியிறங்கித் தெருவுக்கு ஓடினார்கள். அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2023இல் துருக்கியில் அடுக்குமாடிகள் சரிந்த காட்சிகளைப் பார்த்த பிறகு இன்னும் கூடிவிட்டன. குடியிருப்போர் சங்கத்தினர், வீடு வாங்கப்போகிறவர்கள், சைட்டில் நிற்கும் இளம் என்ஜினியர்கள் என்று பலரும் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"பிரேசிங் பிரேசிங்னு சொல்றீங்களே, அது என்ன? பில்லரும் பீமும் போதாதா?"

நான்கு ஐஸ் குச்சிகளை எடுத்து மூலைக்கு ஒரு குண்டூசி குத்திச் சதுரம் செய்யுங்கள். மேல் குச்சியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சாய்ந்து சப்பையாகப் படுத்துவிடும். இப்போது கொஞ்சம் நீளமான ஐந்தாவது குச்சியை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக வைத்துக் குத்துங்கள். அதே விரலால் தள்ளினால் அசையாது. குச்சி உடைய வேண்டும், அல்லது ஊசி பிடுங்கிக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் சாயும். சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. அந்த ஐந்தாவது குச்சிதான் பிரேஸ். ஊசி பிடுங்கிக்கொள்ளும் என்றேனே, அதை நினைவில் வையுங்கள்; கீழே பல கேள்விகளுக்கு அங்கேதான் திரும்பி வருவேன்.

சாரம் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சவுக்குக் கழிகளை நிமிர்த்தும் படுக்கையாகவும் கட்டிவிட்டு, சாய்வாக ஒரு நீளக் கழியைக் குறுக்கே இழுத்துக் கட்டுவார்கள். அது இல்லாவிட்டால் சாரம் ஆடும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும்.

பில்லரும் பீமும் மட்டுமே உள்ள கட்டடமும் நிற்கும், மூட்டுகள் விறைப்பாக இருந்தால். ஆனால் பக்கவாட்டு விசை வரும்போது அவை வளைந்துதான் தாங்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துப் பாருங்கள், பிறகு இரு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வளைப்பது சுலபம், இழுத்து நீட்டுவது கஷ்டம். பிரேஸ் தன் நீளத்தின் வழியே இழுபட்டும் அமுக்கப்பட்டும் வேலை செய்கிறது. குறைந்த இரும்பில் அதிக விறைப்பு கிடைப்பது அதனால்தான்.

"எங்க கட்டடம் நல்ல கனம். கனமான கட்டடம் சுலபத்துல ஆடாதுல்ல?"

இதில் நேர் எதிராக நினைத்துக்கொண்டிருக்கிறோம். காற்று கட்டடத்தை வெளியிலிருந்து தள்ளுகிறது. அங்கே கனம் உதவும். நிலநடுக்கத்தில் வெளியிலிருந்து யாரும் தள்ளுவதில்லை. காலடியில் தரை நகர்கிறது, மேலே உள்ள எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பஸ் திடீரென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வது போல. எடை கூடக் கூட விசையும் கூடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். கான்கிரீட் குடியிருப்பில் ஒரு தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் என்று வைத்துக்கொண்டால், 200 சதுர மீட்டர் தளம் 200 டன். புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முடுக்கம் கிடைத்தாலே அந்த ஒரு தளத்துக்கு 20 டன் பக்கவாட்டு விசை. ஐந்து தளம் என்றால் அடித்தளத்தில் 100 டன். இந்த 100 டன்னும் ஸ்லாபிலிருந்து பீமுக்கு, பீமிலிருந்து பிரேசுக்கோ சுவருக்கோ, அங்கிருந்து ஃபவுண்டேஷனுக்கு என்று ஒரு வழியாகக் கீழே இறங்கியாக வேண்டும். வழியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் மற்றவை எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.

"சென்னையில எங்க சார் பூகம்பம் வருது? இதெல்லாம் குஜராத், நேபாளத்துக்குத்தானே?"

இமயமலை அடிவாரம் போலவோ குஜராத்தின் கட்ச் போலவோ ஆபத்தான இடம் இல்லை, உண்மைதான். ஆனால் ஒன்றுமே இல்லாத இடமும் இல்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்தது சென்னை முழுக்கத் தெரிந்தது. நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 1893. அதன் 2002 பதிப்பில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். 2016 பதிப்பிலும் சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம், மதுரையும் திருச்சியும் இரண்டு.

அதே மூன்றாம் மண்டலத்தில் இருக்கும் இன்னொரு ஊர் அகமதாபாத். 2001 ஜனவரி 26 காலையில் புஜ் நிலநடுக்கம் 7.7 அளவில் வந்தபோது அதன் மையம் அகமதாபாத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். இருந்தும் அங்கே பல அடுக்குமாடிகள் விழுந்தன, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். நமக்குப் பக்கத்தில் கட்ச் போன்ற ஒரு பிளவு இல்லை. அதனால் அதே அளவில் இங்கே நடக்கும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் அங்கே விழுந்த கட்டடங்களின் படங்களைப் பார்த்தால் நம் தெருவில் நிற்பவை போலவே இருக்கும். அது ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

"எங்க அபார்ட்மென்ட்ல கீழ முழுக்க கார் பார்க்கிங்தான், சுவரே இல்ல. அது ஆபத்துன்னு யாரோ சொன்னாங்க. நிஜமா?"

நிஜம். என்னிடம் வரும் கேள்விகளில் நான் மிகவும் பொறுமையாகப் பதில் சொல்ல நினைப்பது இதற்குத்தான்.

மேல் மாடிகளில் ஒவ்வொரு வீட்டிலும் செங்கல் சுவர்கள் இருக்கின்றன. டிசைன் செய்யும்போது பெரும்பாலும் அவற்றை வெறும் பாரமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் பில்லருக்கும் பீமுக்கும் இடையில் இறுக்கமாகக் கட்டிய சுவர், கட்டடம் சாயும்போது மூலைக்கு மூலை அமுக்கப்பட்டு ஒரு பிரேஸ் போலவே வேலை செய்கிறது. ஆக, மேல் மாடிகள் எல்லாம் தெரியாமலே பிரேஸ் போட்ட பெட்டி மாதிரி விறைத்து நிற்கின்றன. கீழ்த்தளத்தில் அந்தச் சுவர்களே இல்லை. தரை ஆடும்போது மேலே உள்ள பெட்டி முழுசாக ஒரே துண்டாக நகரும். வளைவு அத்தனையும் பார்க்கிங் பில்லர்களின் தலையிலும் அடியிலும் வந்து சேரும். மொத்தக் கட்டடத்தின் விசையும் வந்து இறங்கும் தளமும் அதுதான். இதைத்தான் சாஃப்ட் ஸ்டோரி, மென்தளம் என்கிறோம்.

அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கீழே திறந்துவிட்ட கட்டடங்கள். கலிபோர்னியாவில் 1994 ஜனவரி 17 விடியற்காலை 4.31க்கு வந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடமும் வீடுகளும் கலந்திருந்த நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற குடியிருப்பின் கீழ்த்தளம் நசுங்கியது. தூங்கிக்கொண்டிருந்த 16 பேர் இறந்தார்கள். அது மரச்சட்டக் கட்டடம். கட்டுமானப் பொருள் வேறு, ஊர் வேறு, ஆனால் தவறு அதேதான்.

தீர்வு என்ன? ஐ.எஸ். 1893இன் 2002 பதிப்பு, அந்தத் தளத்தின் பில்லரையும் பீமையும் 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. 2016 பதிப்பு, பலம் மட்டும் போதாது, விறைப்பும் வேண்டும் என்று, பில்லர்களுக்கு நடுவே தேர்ந்தெடுத்த சில இடைவெளிகளில் கான்கிரீட் சுவரோ பிரேசோ வைக்கச் சொல்கிறது. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் சரியான வழி. பில்லரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது வளைந்துதான் தாங்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன ஸ்கேல் கதைதான்.

"எக்ஸ் மாதிரி போடறாங்க, வி மாதிரி போடறாங்க, சில இடத்துல ஒரே ஒரு சாய்வு. எது நல்லது?"

ஒரே ஒரு சாய்வுச் சட்டம் மட்டும் போட்டால் தரை ஒரு பக்கம் நகரும்போது அது இழுபடும், மறுபக்கம் நகரும்போது அமுக்கப்படும். இரண்டுக்கும் நடத்தை வேறு. அதனால் ஒற்றைச் சாய்வு வைத்தால் அதே வரிசையில் இன்னொன்றை எதிர்த்திசையில் வைக்க வேண்டும். எஃகுக் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 800 இதை எண்ணாகவே சொல்கிறது: எந்தப் பக்கம் தள்ளினாலும் இழுபடும் பிரேஸ்கள் மொத்த விசையில் 30 முதல் 70 சதவீதத்துக்குள் தாங்க வேண்டும்.

எக்ஸ் வடிவத்தில் எப்போதும் ஒன்று இழுபட்டுக்கொண்டிருக்கும். நடுவில் இரண்டையும் இணைத்துவிட்டால் அமுக்கப்படும் சட்டத்தின் நீளமும் பாதியாகிறது. ஆனால் கதவு, ஜன்னல் வைக்க இடமிருக்காது. தலைகீழ் வி வடிவத்தில் நடுவே கதவு வைக்கலாம் என்பதால் கட்டடக் கலைஞர்களுக்குப் பிடிக்கும். அதில் ஒரு சிக்கல்: அமுக்கப்படும் பக்கம் வளைந்து சோர்ந்துபோனால், இழுபடும் பக்கம் மட்டும் பலத்தோடு இருந்து பீமை நடுவில் கீழே இழுக்கும். அந்த இழுப்புக்கும் சேர்த்து பீமை வடிவமைக்க வேண்டும். பல டிசைன்களில் இது விட்டுப்போவதைப் பார்க்கிறேன்.

கே வடிவம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் சாய்வுச் சட்டங்கள் பில்லரின் நடு உயரத்தில் வந்து சேரும். ஒன்று வளைந்ததும் மற்றது பில்லரை இடுப்பில் குத்தித் தள்ளும். ஐ.எஸ். 800 நிலநடுக்கத்துக்கு கே பிரேசை அனுமதிப்பதில்லை.

"இழுத்தா தாங்குது, அமுக்கினா வளையுதுன்னா, கனமாவே போட்டுட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?"

முதலில் வளைவது ஏன் என்று பார்ப்போம். ஒரு மெல்லிய ஸ்கேலைச் செங்குத்தாக மேசையில் நிறுத்தி உள்ளங்கையால் அமுக்குங்கள். பொருள் நசுங்குவதற்கு வெகு முன்னாலேயே பக்கவாட்டில் வில்லாக வளைந்துவிடும். இதற்குப் பெயர் பக்லிங். நீளம் இரட்டிப்பானால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகக் குறைகிறது. நிலநடுக்கத்தில் இது ஒரு தடவை நடப்பதில்லை. ஒரு பக்கம் வளைந்து, திரும்ப நிமிர்ந்து, மறுபடி வளைந்து, நடுவில் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, கடைசியில் கம்பியை மடக்கி மடக்கி உடைப்பது போல அங்கேயே முறியும்.

சரி, கனமாகப் போட்டால்? விறைப்பு கூடினால் அந்த பிரேஸ் இழுத்துக்கொள்ளும் விசையும் கூடும். பில்லர் பீம் மேலும் ஃபவுண்டேஷன் மேலும் அந்தக் கூடுதல் போய் நிற்கும். 45 டிகிரி சாய்வில் உள்ள பிரேஸ் 20 டன் பக்கவாட்டு விசையைத் தாங்கினால் அதற்குள் ஓடுவது 28 டன். பில்லரின் அடியில் 20 டன் மேல்நோக்கி இழுக்கும். பிரேசைப் பெரிதாக்கிவிட்டு ஃபவுண்டேஷனை அப்படியே விட்டால் பலவீனத்தை வேறிடத்துக்கு நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அதனால் நல்ல டிசைனர் எங்கே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். வீட்டில் ஃப்யூஸ் போவது போல, பிரேஸ் முதலில் நீளட்டும், வளையட்டும்; பில்லரும் மூட்டும் ஃபவுண்டேஷனும் அதைவிடப் பலமாக இருக்கட்டும். ஃப்யூசைத் தேவைக்கு மேல் தடிமனாகப் போடுவது பாதுகாப்பு இல்லை.

"வளையவே வளையாத பிரேஸ் ஜப்பான்ல இருக்குன்னு படிச்சேன். உண்மையா?"

உண்மைதான், வளையாமல் பிடித்து வைக்கப்பட்ட பிரேஸ். பக்லிங் ரிஸ்ட்ரெயின்ட் பிரேஸ் என்பது பெயர். நடுவில் ஒரு எஃகுப் பட்டை, அதைச் சுற்றி ஒரு எஃகுக் குழாய், இடையில் மார்ட்டர், அதாவது சிமென்ட் மணல் கலவை, நிரப்பியிருக்கும். முக்கியமான விஷயம், பட்டைக்கும் மார்ட்டருக்கும் ஒட்டாதபடி நடுவில் ஒரு பூச்சு. சுமையைத் தாங்குவது பட்டை மட்டும். குழாயும் மார்ட்டரும் அது பக்கவாட்டில் வளையாமல் அணைத்துக்கொள்கின்றன. அதனால் இழுத்தாலும் அமுக்கினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். மேலே சொன்ன தலைகீழ் வி சிக்கல் இதில் பெருமளவு குறைந்துவிடும்.

ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் கட்டடங்களுக்குள் வந்தது. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், பிரேஸ் இல்லாமல் விறைப்பான வெல்டிங் மூட்டுகளை மட்டும் நம்பிய எஃகுக் கட்டடங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் அந்த மூட்டுகள் விரிசல் விட்டிருந்தன. அதன் பிறகு அமெரிக்காவிலும் மாற்று தேடினார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில்தான் அங்கே முதன்முதலில் இதைப் பயன்படுத்தினார்கள். இதை லோக்கல் ஃபேப்ரிகேஷன் கடையில் பார்த்துச் செய்யச் சொல்லாதீர்கள். பரிசோதனைக் கூடத்தில் இழுத்து அமுக்கிச் சோதித்த வகையை மட்டுமே வாங்க வேண்டும்.

"ரெண்டு சாய்வுச் சட்டமும் ஒரே புள்ளியில சேராம, நடுவுல கொஞ்சம் பீமை விட்டு வச்சிருக்காங்க. மேஸ்திரி தப்புன்னு சொல்றார்."

வரைபடத்தில் அப்படி இருந்தால் தப்பில்லை, வேண்டுமென்றே செய்தது. பிரேஸ்களுக்கு நடுவில் விட்ட அந்தச் சின்ன பீம் துண்டுதான் இங்கே ஃப்யூஸ். பிரேஸ் வளையாது; அந்தத் துண்டு வெட்டுவிசையில் நெளிந்து ஆற்றலை உள்வாங்கும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியர் எகோர் போபோவ் 1970களில் தன் குழுவினரோடு இதைச் சோதித்துக் கொண்டுவந்தார். 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்தில் 185 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில், 22 மாடி பசிஃபிக் டவர் இந்த வகைப் பிரேசிங்கோடு நின்றது. உள்ளே ஒரு துண்டு முறிந்திருந்தது, ஆனால் கட்டடம் நின்றது. சேதமான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்க முடிந்தது.

மேஸ்திரி நல்லெண்ணத்தில் அந்த இடைவெளியில் ஒரு பிளேட் வைத்து வெல்டு அடித்துவிடக் கூடாது. ஃப்யூசுக்குப் பதில் தடிக்கம்பி சுற்றியது போலாகிவிடும்.

"ஷியர் வால் இருந்தா பிரேசிங் வேணாம்தானே?"

பெரும்பாலும் வேண்டாம். ஷியர் வால் என்பது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்; இரண்டும் செய்வது ஒரே வேலை. புதுக் கான்கிரீட் கட்டடத்துக்கு லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி ஷியர் வால் வைப்பதுதான் இங்கே வசதி, பணியாளர்களுக்கும் பழக்கம். எஃகுக் கட்டடத்துக்கு பிரேசிங் இயல்பு. பழைய கட்டடத்தைப் பலப்படுத்தும்போது எடையைக் கூட்டாமல் விறைப்பைக் கூட்டலாம் என்பதால் பிரேசிங் முந்திக்கொள்ளும்.

"கட்டி இருபது வருஷம் ஆன கான்கிரீட் கட்டடத்துக்கு இப்ப போட முடியுமா?"

முடியும். இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மெக்சிகோ சிட்டியில் 12 மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்று 1979 நிலநடுக்கத்தில் அடிபட்டது. வெளிப்பக்கத்தில் எஃகு பிரேஸ்கள் பொருத்திப் பலப்படுத்தினார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று அந்த நகரத்தில் ஏராளமான கட்டடங்கள் விழுந்த நிலநடுக்கத்தில் அது தாங்கி நின்றது. ஜப்பானில் பள்ளிக்கூட ஜன்னல்களுக்கு வெளியே பெரிய எஃகுச் சாய்வுகளைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். 1981இல் அங்கே விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்கு முந்தைய பள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பலப்படுத்தினார்கள். 2002இல் பொதுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களில் பாதிக்கும் குறைவானவைதான் தகுதி பெற்றிருந்தன. பிறகு அது 99 சதவீதத்தைத் தாண்டியது.

வேலை நடக்கும் விதம் இது. பில்லருக்கும் பீமுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் ஓர் எஃகுச் சட்டகம் இறக்கப்படும். பிரேஸ் அந்தச் சட்டகத்தோடு வெல்டு ஆகும். பழைய கான்கிரீட்டில் துளை போட்டு ஆங்கர் கம்பிகளைக் கெமிக்கல் ஊற்றி இறுக்குவார்கள். சட்டகத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே சுருங்காத சிமென்ட் கலவை, கிரௌட், நிரப்புவார்கள். ஐந்தாவது குச்சியின் ஊசி இதுதான். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிச் சுத்தம் செய்யாமல் தூசியோடு கெமிக்கலை ஊற்றினால் ஆங்கர் கையோடு வந்துவிடும். நான் சைட்டுக்குப் போனால் பிரேசைப் பார்ப்பதற்கு முன் துளைக்குள் விரல் விட்டுப் பார்ப்பேன். விரலில் வெள்ளைத் தூசி ஒட்டினால் அந்த வேலை நிற்கும்.

ஃபவுண்டேஷன் மேல்நோக்கிய இழுப்பைத் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிட்டுப் பலப்படுத்த ஐ.எஸ். 15988 என்று தனிக் குறியீடே இருக்கிறது.

"எத்தனை போடணும்? முன்பக்கம் அசிங்கமா இருக்கும், பின்பக்கம் மட்டும் போட்டா போதாதா?"

ஒரு பக்கம் மட்டும் போட்டால் அந்தப் பக்கம் விறைத்து நிற்கும், எதிர்ப்பக்கம் அதைச் சுற்றிக் கதவு போலச் சுழலும். பிரேஸ் போடாத பக்கத்து மூலைப் பில்லர்கள் முன்பைவிட அதிகமாக அடிபடும். நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு என்று எதிரெதிர்ப் பக்கங்களில், முடிந்தவரை ஓரங்களில் வைப்பது குறைந்தபட்ச ஏற்பாடு. எண்ணிக்கையைக் கணக்குதான் சொல்லும்.

ஒரு தளத்தில் இருக்கும் பிரேஸ் இன்னொரு தளத்தில் காணாமல்போகவும் கூடாது. மேலே பிரேஸ், கீழே கடை வாடகைக்கு விடுவதற்காக அதை எடுத்துவிட்டோம் என்றால் பழைய மென்தளம் திரும்பி வந்துவிட்டது. பார்க்கிங் தளத்தை மட்டும் பலப்படுத்துகிறோம் என்றால், அதற்கு மேலே உள்ள தளம் புதிய பலவீனமாகுமா என்று பார்த்தாக வேண்டும்.

"ஏசி டக்ட் போக வழியில்லன்னு ஒரு பிரேசை வெட்டிட்டாங்க. மத்ததெல்லாம் இருக்கே, பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஐந்து மாடி எஃகு அலுவலகக் கட்டடம், மூன்றாம் தளம். ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கி டார்ச் அடித்தால், பிரேசின் மேல் பாதி இல்லை. கேஸ் கட்டரால் அறுத்த விளிம்பு பல் பல்லாக இருந்தது. அதன் மேல் யாரோ அக்கறையாகச் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அறுபட்ட இடத்தின் வழியாகத் தகர டக்ட் போயிருந்தது. கீழ்ப்பாதி ஒரு போல்ட்டில் தொங்கியது. அந்தத் தளத்தில் அந்தத் திசைக்கு இருந்தவை நான்கே பிரேஸ்கள். நான்கில் ஒன்று போனால் மீதி மூன்றும் அதிகச் சுமை ஏற்க வேண்டும். அதோடு முந்தைய பதிலில் சொன்ன சுழற்சியும் சேர்ந்துவிடும்.

டக்டைக் கழற்றி வேறு வழியில் திருப்பினோம், வெட்டிய பிரேசை முழுதாக மாற்றினோம். உங்கள் கட்டடத்தில் அப்படி நடந்திருந்தால் துண்டு வைத்து ஒட்டச் சொல்லாமல் டிசைன் செய்தவரைக் கூப்பிடுங்கள். இன்டீரியர் வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பிரேசிலும் "வெட்டாதே" என்று பெயிண்டில் எழுதிவைப்பதை நான் இப்போது எல்லா சைட்டிலும் வழக்கமாக்கியிருக்கிறேன்.

"சைட் என்ஜினியரா நான் எதை முக்கியமா செக் பண்ணணும்?"

முனைகளை. பிரேஸ் வந்து சேரும் முக்கோணத் தகடு, குசெட் பிளேட், அதன் வெல்டு, போல்ட். பிரேஸ் வெளிப்புறமாக வளையும் வகையில் வடிவமைத்திருந்தால், அதன் முனைக்கும் குசெட் பிளேட் பில்லர் பீமோடு பிடிபடும் கோட்டுக்கும் நடுவில் பிளேட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட்டிருப்பார்கள். 16 மில்லிமீட்டர் பிளேட் என்றால் 32. பிரேஸ் வளையும்போது அந்த இடத்தில் பிளேட் கீல் போல மடிய வேண்டும் என்பதற்காக. ஃபேப்ரிகேட்டர் "சும்மா இடம் விட்டிருக்கே" என்று பிரேசை நீட்டி உள்ளே தள்ளினால் பிளேட் மடிய இடமில்லாமல் வெல்டு கிழியும். டேப் வைத்து ஒவ்வொரு முனையையும் அளந்துவிடுங்கள். குழாயைப் பிளந்து பிளேட்டில் செருகும் இடத்தில், பிளப்பு பிளேட்டைத் தாண்டி நீண்டிருந்தால் அங்கே குழாய் மெலிந்திருக்கிறது. வலுவூட்டும் பட்டை வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"உயரமான கட்டடம்தானே முதல்ல விழும்? நாங்க நாலு மாடிதான்."

அப்படி விதி கிடையாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் ஊஞ்சல் நேரம் உண்டு. தோராயமாக மாடிக்கு 0.1 வினாடி. நான்கு மாடிக்கு 0.4 வினாடி, பத்து மாடிக்கு 1 வினாடி. தரையும் அதே தாளத்தில் ஆடினால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் பெருகும். மெக்சிகோ சிட்டியின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகை. அந்தச் சேறு 1985இல் ஏறக்குறைய 2 வினாடித் தாளத்தில் ஆடியது. மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால். அதிகம் அடிபட்டவை 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள். விரிசல் விட விட அவை தளர்ந்து, தாளம் மெதுவாகி, 2 வினாடியை நோக்கிப் போய் மாட்டிக்கொண்டன.

பிரேஸ் போட்டால் கட்டடம் விறைத்து, தாளம் வேகமாகும். அந்த ஏரிப்படுகையில் அது நன்மை. கெட்டியான தரையில் உள்ள கட்டடத்துக்கு அதே விறைப்பு விசையைக் கூட்டவும் செய்யலாம். மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் யாரும் பிரேசிங் டிசைன் தந்தால் வாங்காதீர்கள்.

"பிரேசிங் இருந்தா நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஒரு கீறல்கூட இருக்காதுதானே?"

இருக்கும். பெரிய நிலநடுக்கத்தில் ஆள் சாகக் கூடாது, கட்டடம் சரியக் கூடாது என்பதுதான் குறியீடுகளின் குறைந்தபட்ச இலக்கு. ஃப்யூஸ் போய்விட்டால் மாற்றுவது போல, வளைந்த பிரேசை மாற்ற வேண்டிவரும். சேதமே வேண்டாம் என்றால் பிரேசோடு டாம்பரும் சேர்க்கலாம். பைக்கின் ஷாக் அப்சார்பர் போன்ற பெரிய எண்ணெய்ச் சிலிண்டர்கள். மெக்சிகோ சிட்டியில் 2003இல் திறந்த 55 மாடி டோரே மயோரில் இப்படி தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. செலவு அதிகம், மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்ற, மறுநாளும் இயங்கியே ஆக வேண்டிய இடங்களுக்கு அது தகும்.

"சங்கத்துல பேசி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். முதல்ல என்ன செய்யணும்?"

ஸ்ட்ரக்சுரல் வரைபடங்களைத் தேடுங்கள். பில்டரிடம், முதல் உரிமையாளர்களிடம், கட்டட அனுமதிக் கோப்பில். கிடைக்காவிட்டால் கம்பி இருக்கும் இடத்தை ரீபார் லொகேட்டரால் கண்டுபிடிப்பார்கள், கான்கிரீட்டில் கோர், அதாவது உருளைத் துண்டு, குடைந்து எடுத்துச் சோதிப்பார்கள். பில்லரில் வளையக் கம்பிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது முக்கியம். ஒரு பில்லரின் மேல் முனையில் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தாலே நிறையத் தெரியும். ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரின் மதிப்பீட்டு அறிக்கை வந்த பிறகே கான்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். பிரேஸ் விற்பவரே மதிப்பீடும் செய்வது வேண்டாம்.

"பிரேஸ் வந்தா என் கார் நிறுத்தற இடம் போயிடும்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?"

அவர்கள் கவலை நியாயமானது; அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் இடம் போகாமலே செய்யலாம். கார் நிற்கும் திசைக்கு இணையான பிரேஸ்களை இரண்டு கார்களுக்கு நடுவே, ஏற்கெனவே பில்லர் நிற்கும் கோட்டில் வைத்துவிடலாம். குறுக்குத் திசைக்குக் காம்பவுண்டு சுவரை ஒட்டிய கடைசி வரிசை இருக்கிறது. அங்கே காரின் பின்பக்கம்தான் வரும். நடைபாதை போகும் இடத்தில் தலைகீழ் வி வைத்தால் நடுவில் ஆள் போய்வரலாம்.

ஒப்பந்தத்துக்கு முன் தரையில் சாக்பீசால் பிரேசின் அடிப்பகுதி வரும் இடத்தைக் கோடு போடுங்கள், ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டுங்கள், அந்த இரண்டு பேரையும் தங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். போன தடவை ஒரு குடியிருப்பில் இப்படிச் செய்தபோது கதவு 15 சென்டிமீட்டர் இடித்தது. பிரேசைப் பக்கத்து இடைவெளிக்கு நகர்த்தி மறுபடி கணக்கிட்டேன்; அடுத்த வாரமே கையெழுத்து வந்தது.